நட்சத்திரக் கப்பலை எங்கே கட்டுவது?



இல்லாத ஒரு கப்பலைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அது இல்லாத கப்பல் என்பது அதைப் பற்றி வாதாடிய அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அதை எந்த இடத்தில் வைத்துக் கட்டியிருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இலக்கியத் தொடரில் கப்பல் கட்டும் பேச்சு எதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். கற்பனைக்கு எவ்வளவு மெய்ம்மை வேண்டும், அந்த மெய்ம்மையைக் கேட்கும் உரிமை வாசகனுக்கு எவ்வளவு உண்டு என்ற பழைய கேள்விதான் இந்தக் கப்பலுக்குள் இருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையுடன் கேட்கும்படி வேண்டுகிறேன்.

கப்பலின் பெயர் எண்டர்பிரைஸ். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி தொடங்கி 1969 வரை நடந்த ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற தொடரில் வருவது. ஜீன் ரொடன்பெரி என்பவர் உருவாக்கிய தொடர் அது. 23ஆம் நூற்றாண்டில் கேர்க் என்ற கப்டனும், ஸ்பொக் என்ற பாதி வேற்றுலகத்தவரும், நானூறுக்கு மேற்பட்ட மாலுமிகளும் நட்சத்திரங்களிடையே பயணம் செய்கிறார்கள். மேலே ஒரு பெரிய தட்டு, கீழே உருளையாக ஓர் உடல், பின்னால் இரண்டு நீண்ட குழல்கள். கப்பலின் தோற்றம் இவ்வளவுதான். ஆனால் இந்தத் தோற்றத்தை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

தொடர் நின்று பல ஆண்டுகளின் பின், 2008 ஜனவரியில், ஜே. ஜே. ஏப்ரம்ஸ் நெறிப்படுத்திய புதிய ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தின் முன்னோட்டத் துண்டு ஒன்று திரையரங்குகளுக்கு வந்தது. அதில் கதாநாயகன் முகம் இல்லை, சண்டை இல்லை. தொழிலாளர்கள் உலோகத் தகடுகளை வெல்டிங் செய்துகொண்டிருக்கிறார்கள். பொறி பறக்கிறது. பின்னணியில் ஜனாதிபதி கென்னடியின் குரலும், சந்திரனில் இறங்கிய ஆம்ஸ்ட்ரோங்கின் குரலும் கேட்கின்றன. பிறகு கமெரா விலக, அவர்கள் கட்டிக்கொண்டிருப்பது எண்டர்பிரைஸ் என்று தெரிகிறது.

அழகான துண்டு. மயிர்க்கூச்செறிந்தவர்கள் பலர். ஆனால் ஒரு சாரார் உடனே ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் விண்வெளி உடை அணிந்திருக்கவில்லை. சாதாரண வேலையாட்களைப் போலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படியானால் கப்பல் தரையில் அல்லவா கட்டப்படுகிறது? 2009 மே மாதம் படம் வெளிவந்தபோது சந்தேகம் தீர்ந்தது. அயோவா மாநிலத்தின் சமவெளியில், ரிவர்சைட் என்ற ஊருக்கு அருகே, வெட்டவெளியில், சாரக்கட்டுகளுக்கு நடுவே கப்பல் நிற்கிறது. இளைஞன் கேர்க் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து அதை அண்ணாந்து பார்க்கிறான்.

வாதம் மூண்டது.

தரையில் கட்டக்கூடாது என்றவர்களின் முதற் சான்று ஒரு புத்தகம். ஸ்டீபன் விட்ஃபீல்டும் ரொடன்பெரியும் சேர்ந்து 1968இல் வெளியிட்ட ‘த மேக்கிங் ஒஃப் ஸ்டார் ட்ரெக்’. தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்த நூல் என்பதால் இரசிகர்களுக்கு அது வேதம் மாதிரி. கப்பலின் பாகங்கள் சான் பிரான்சிஸ்கோ கடற்படைத் தளத்தில் செய்யப்பட்டன, பின்னர் விண்வெளியில் வைத்துப் பொருத்தப்பட்டன என்று அதில் இருக்கிறது. கப்பல் எந்தக் கோளிலும் தரையிறங்குவதற்காக அமைக்கப்பட்டது அல்ல என்றும் இருக்கிறது. எடை 190,000 தொன். (தொடரின் 1966ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றில் கப்பலின் எஞ்சினியர் அதை ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் என்று சொல்கிறார். வேதத்திலும் பாடபேதம் உண்டு!)

இரண்டாவது சான்று, கப்பலின் கட்டளை மேடையில் பொருத்தியிருந்த பித்தளைத் தகடு. அதில் கப்பலின் பெயருக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோ, கலிபோர்னியா என்று பொறித்திருந்தது. அந்த ஊரைத் தெரிந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1960களில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உண்மையான கடற்படைக் கப்பல் கட்டும் தளங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. எண்டர்பிரைஸ் என்ற பெயரில் உண்மையான விமானந்தாங்கிக் கப்பலும் ஒன்று இருந்தது. அது பிறந்தது நாட்டின் மறுகரையில், வேர்ஜீனியாவில். 1961இல் சேவைக்கு வந்து, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அதே விரிகுடாவிலுள்ள அலமீடாவைத் தாய்த்துறையாகக் கொண்டிருந்தது. அதன் நீளம் 342 மீற்றர். கற்பனைக் கப்பலின் நீளம் 289 மீற்றர்தான். கடலில் மிதந்த நிஜம் விண்ணில் பறந்த கற்பனையைவிட நீளமாக இருந்திருக்கிறது.

மூன்றாவது சான்று 1979இல் வந்த முதலாவது ஸ்டார் ட்ரெக் திரைப்படம். அதில் பூமியைச் சுற்றும் பாதையில் பெரிய இரும்புக் கூடு ஒன்று மிதக்கிறது. அதற்குள் எண்டர்பிரைஸ் விளக்கொளியில் நிற்கிறது. கேர்க் ஒரு சிறிய ஓடத்தில் ஏறிக் கப்பலைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நிமிடக்கணக்கில் பேச்சே இல்லை, ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசை மட்டும். படம் வந்த காலத்தில் இந்தக் காட்சி மிக நீளம் என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் ஒரு தலைமுறை இரசிகர்களின் மனதில் ‘கப்பல் பிறந்த இடம்’ என்று பதிந்துபோனது இந்தக் கூடுதான். உண்மையில் அந்தப் படத்தில் நடப்பது புதுப்பித்தல் வேலை, கட்டும் வேலை அல்ல. எதிர்த்தரப்பினர் இதை விடாமல் சுட்டிக்காட்டினார்கள். அதுவும் நியாயமே.

இனி ஏட்டை மூடிவிட்டு, உலகியலில் எது பொருந்தும் என்று பார்ப்போம்.

பூமியில் வைத்துக் கட்டும் பொருளுக்கு எடை உண்டு. எண்டர்பிரைஸின் அமைப்பைப் பாருங்கள். பெரிய தட்டு ஒரு மெல்லிய கழுத்தின் மேல் நிற்கிறது. குழல்கள் இரண்டும் இரு மெல்லிய கைகளின் நுனியில் தொங்குகின்றன. விண்ணில் மிதக்கும்போது இது சுகமாக இருக்கும். தரையில் வைத்தால் கழுத்தும் கைகளும் தம் சொந்தப் பாரத்தையே தாங்க வேண்டும். பயணத்தில் ஒருபோதும் தேவைப்படாத பலத்தை, கட்டும் காலத்துக்காக மட்டும் கப்பலுக்குள் சேர்க்க வேண்டிவரும். கட்டி முடித்த பிறகு அவ்வளவையும் மேலே தூக்கவும் வேண்டும். மனிதர் இதுவரை விண்ணில் பொருத்தியவற்றுள் மிகப் பெரியது சர்வதேச விண்வெளி நிலையம். அதன் நிறை சுமார் 420 தொன். எண்டர்பிரைஸ் அதைப்போல் நானூறு மடங்கு.

அதற்காக விண்ணில் கட்டுவது எளிது என்று எண்ணிவிட வேண்டாம். பாரம் இல்லாவிட்டாலும் நிறை போய்விடுவதில்லை. பத்துத் தொன் தகடு ஒன்று மெதுவாக நகரத் தொடங்கினால் அதை நிறுத்துவதற்கும் அதே பலம் வேண்டும். இடையில் ஒருவர் கை அகப்பட்டால் நசுங்கும். விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அதாவது நாளொன்றுக்குப் பதினாறு விடியல். வெயிற் பக்கத்தில் உலோகம் 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்கும், நிழற் பக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 150 பாகைவரை குளிரும். விண்வெளி உடையின் கையுறைக்குள் விரலை மடக்குவதே ஒரு வேலை. ஆறேழு மணித்தியாலத்தில் ஆள் களைத்துவிடுவார். வெற்றிடத்தில் வெல்டிங் செய்ய முடியும் என்பதை 1969 ஒக்டோபரில் சோவியத்தின் சோயுஸ் 6 கலத்தில் பரிசோதித்தார்கள். 1984இல் சவித்ஸ்கயா என்ற வீராங்கனை கலத்துக்கு வெளியே வந்து வெல்டிங் செய்து காட்டினார். ஆனால் அதைக் கொண்டு பெரிய கட்டடம் எதையும் எவரும் இதுவரை எழுப்பவில்லை.

அப்படியானால் நிலையத்தை எப்படிக் கட்டினார்கள்? 1998 நொவெம்பரில் ‘சர்யா’ என்ற ரஷ்யப் பாகம் பைகனூரிலிருந்து ஏவப்பட்டது. அடுத்த மாதம் ‘யுனிற்றி’ என்ற அமெரிக்கப் பாகம் விண்வெளி ஓடத்தில் சென்று அதனுடன் சேர்ந்தது. ஒன்று மொஸ்கோவில் செய்தது, மற்றையது அலபாமா மாநிலத்தில் செய்தது. பின்னர் இத்தாலியின் டியூரின் நகரிலும் ஜப்பானிலும் செய்யப்பட்ட பாகங்கள் வந்து சேர்ந்தன. தரையில் ஒன்றையொன்று கண்டிராத பாகங்கள் நானூறு கிலோமீற்றர் உயரத்தில் சந்தித்துக்கொண்டன. நாற்பதுக்கு மேற்பட்ட பயணங்களில் இந்த வேலை நடந்தது. பாகங்கள் பூமியில், பொருத்துவது மேலே. 1968ஆம் ஆண்டுப் புத்தகம் கற்பனைக் கப்பலுக்குச் சொன்னதும் இதுவே. ஒரு தொலைக்காட்சித் தொடரின் துணைநூலில் அடங்கியிருந்த ஒரு வாக்கியம் முப்பது ஆண்டுகளின் பின் உண்மையான பொறியியலாளர் எடுத்த முடிவுடன் ஒத்துப்போனதை நான் மெச்சவே செய்வேன்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு பலமான வாதம் உண்டு. கேர்க்கின் உலகம் நம்முடைய உலகம் அல்ல. அங்கே ஈர்ப்பைச் செயற்கையாக உண்டாக்கவும் நீக்கவும் தெரியும். பெரிய பாறையைக்கூடக் கதிரொன்றை வீசி இழுத்துச் செல்வார்கள். அந்த உலகத்தில் 190,000 தொன் ஒரு பாரமா? மேலும் 1967இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் எண்டர்பிரைஸ் காலந்தவறி இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து பூமியின் வளிமண்டலத்தில் பறக்கிறது. அமெரிக்க விமானப்படை விமானம் ஒன்று அதைத் துரத்துகிறது. ஆகவே காற்றுக்குள் வந்தால் உதிர்ந்துவிடும் கப்பல் அல்ல அது. அந்த உலகத்தின் விதிகளை ஏற்றுக்கொண்டால், அயோவா வயலில் கட்டுவதைத் தடுக்க எந்தப் பௌதிகமும் இல்லை.

இந்த வாதத்துக்கு மறுமொழி பௌதிகத்தில் இல்லை, கதையில்தான் இருக்கிறது. அதற்கு வருமுன் படத்தின் எழுத்தாளர் தரப்பையும் கேட்டுவிடுவோம்.

திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான ரொபேட்டோ ஓர்சி இரசிகர்களுக்கு நேரடியாகவே பதில் கூறினார். பாகங்களைப் பூமியில் செய்வதற்கு முன்னைய நூல்களில் ஆதாரம் உண்டு என்றார். இது மெல்லிய படகு அல்ல, பெரும் அழுத்தங்களைத் தாங்க வேண்டிய கப்பல் என்றார். கப்பலுக்குள் பூமியின் ஈர்ப்பைப் போன்ற ஈர்ப்பை உண்டாக்கப் போகிறார்கள், ஆகையால் அந்த ஈர்ப்புள்ள இடத்திலேயே வைத்துக் கட்டி அளவுகளைச் சரிபார்ப்பது இயல்பு என்றார். கடைசியாக, அந்த இரண்டு குழல்களையும் சரியாகச் சமன்செய்ய வேண்டுமானால் ஈர்ப்புள்ள இடத்தில்தான் செய்ய முடியும் என்றார்.

முதல் மூன்றையும் ஒருவாறு ஏற்றுக்கொள்ளலாம். நான்காவதைக் கேட்டபோது எனக்கு நம் உரையாசிரியர்கள் நினைவு வந்தது. நச்சினார்க்கினியர் பேரறிஞர். ஆனால் தாம் கொண்ட கருத்துக்கு இசைவாக எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ப் பொருத்தி, வலிந்து பொருள்கொள்வார் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு. ஓர்சி செய்ததும் அதுதான். இல்லாத எந்திரத்துக்கு இல்லாத விதி ஒன்றை, தேவைப்பட்ட நாளில், தேவைப்பட்ட இடத்துக்கு ஏற்ப உண்டாக்கிவிட்டார். ஆனாலும் அவரை மிகக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ‘படம் எடுப்பவர் நான், என் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வாசகனை மதித்துக் காரணம் சொல்ல முனைந்தார். அந்தக் காரணம் முடிவு எடுத்த பிறகு தேடியது என்பதே குறை.

கப்பல் தரையில் நிற்பதற்குரிய உண்மையான காரணம் திரையிலேயே இருக்கிறது. தகப்பனை இழந்து, ஊரில் சண்டித்தனம் பண்ணித் திரியும் இளைஞன் ஒருவன், முதல் நாள் இரவு மதுச்சாலையில் அடிவாங்கியிருக்கிறான். மறுநாள் காலையில் அவன் எதையோ அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகு, மோட்டார் சைக்கிளை அதை மெச்சிய ஒரு தொழிலாளியிடம் விட்டுவிட்டுப் படையில் சேரப் போக வேண்டும். கப்பல் நானூறு கிலோமீற்றர் உயரத்தில் இருந்தால் அவனால் அதைப் பார்க்க முடியாது. காட்சியே இல்லை. தொல்காப்பியர் அகப்பாடல் பற்றிச் சொல்லுமிடத்தில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைக் கூறுவார். அந்த இரண்டும் கலந்ததே செய்யுள் நெறி. அயோவாவில் நிற்கும் கப்பல் முழுக்க முழுக்க நாடக வழக்கு. அதற்கு உலகியற் சான்றிதழ் தேடியதால்தான் குழப்பம் வந்தது.

அப்படியானால் இரசிகர்கள் பிடிவாதக்காரர்களா? இல்லை என்பது என் அபிப்பிராயம். அவர்கள் கையில் ஓர் உறுதியான இலக்கியக் காரணம் இருந்தது. அவர்களிற் பலர் அதை விட்டுவிட்டு எடைக் கணக்கில் இறங்கிவிட்டார்கள் என்பதுதான் பரிதாபம்.

மூலத்தொடரில் எண்டர்பிரைஸ் தரையிறங்காது. இது முதலில் பணக் கஷ்டத்தால் வந்த விதி. வாராவாரம் பெரிய கப்பல் புதிய கோளில் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதாது. ஆகவே ஆளைக் கரைத்து வேறோரிடத்தில் உருக்கொடுக்கும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ என்ற கருவியைக் கற்பித்தார்கள். சிக்கனத்துக்காக வந்த இந்த ஏற்பாடு கதைகளின் முதுகெலும்பாகிவிட்டது. 1966இல் வந்த ‘த எனிமி விதின்’ என்ற அத்தியாயத்தைப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகி, கேர்க் இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிடுகிறார். ஒருவர் சாந்தமானவர், முடிவெடுக்கும் திராணி இல்லாதவர். மற்றவர் மூர்க்கர். இதற்கிடையில் கீழே கோளின் மேற்பரப்பில் மாலுமிகள் சிலர் குளிரில் உறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை மேலே எடுக்க வழியில்லை. கப்பல் மேலே நிற்கிறது, மனிதர் கீழே சாகிறார்கள், நடுவே ஒரு மனிதன் தன் மறுபாதியுடன் போராடுகிறான். கப்பலுக்கு இறங்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

தரையில் பிறந்து தரையிலிருந்து எழும்பக்கூடிய கப்பல் மீண்டும் தரைக்கு வரவும் கூடும் அல்லவா? அந்த எண்ணம் ஒருமுறை புகுந்துவிட்டால் பழைய கதைகளின் நெருக்கடிகள் எல்லாம் இளகிவிடுகின்றன. நிலத்தைத் தொடாத கப்பல் என்பதில் ஒரு தனிமை இருக்கிறது, ஒரு கண்டிப்பு இருக்கிறது. இரசிகர்கள் காத்து நின்றது அதைத்தான். 1995இல் தொடங்கிய ‘வோயேஜர்’ என்ற கிளைத்தொடரில் இறங்கத் தெரிந்த கப்பல் ஒன்று வருகிறது. ஆனால் அது வேறு கப்பல், முதலிலேயே அப்படி அமைக்கப்பட்டது. அதைப் பற்றி எவரும் இப்படிக் கொதிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பழைய கதையில் கேர்க் அயோவா மண்ணில் பிறந்தவர், கப்பல் விண்ணில் பொருத்தப்பட்டது. புதிய படத்தில், தாக்கப்பட்ட கப்பலிலிருந்து தப்பும் ஓடத்திலே, விண்வெளியில் கேர்க் பிறக்கிறான். கப்பலோ அயோவா மண்ணில் பிறக்கிறது. பிறந்த இடங்களை இடம்மாற்றி வைத்துவிட்டார்கள்! வேண்டுமென்று செய்தார்களோ, தற்செயலோ, இதை வைத்து அவர்கள் தங்கள் படத்தை ஆதரித்திருந்தால் குழல்களைச் சமன்செய்யும் கதையைவிட எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

ரிவர்சைட் உண்மையான ஊர். சுமார் ஆயிரம் பேர் வாழும் சிற்றூர். கேர்க் அயோவாவின் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர் என்று முற்சொன்ன 1968ஆம் ஆண்டு நூல் கூறியது, ஊரின் பெயரைக் கூறவில்லை. அந்த இடைவெளியை ரிவர்சைட் நகரசபை 1985இல் பிடித்துக்கொண்டது. கப்டன் கேர்க்கின் எதிர்காலப் பிறப்பிடம் எங்கள் ஊர்தான் என்று பிரகடனஞ் செய்து, கல்லும் நாட்டி, ஆண்டுதோறும் விழாவும் எடுத்து வருகிறார்கள். இன்னும் பிறக்காத ஒருவருக்கு ஜனன ஸ்தலம்! வாசகன் விட்ட இடைவெளியை நிரப்பினான், 2009ஆம் ஆண்டுப் படம் அதை ஏற்றுக்கொண்டு அந்த ஊருக்கே கப்பற்தளத்தைக் கொண்டுவந்தது. எழுத்தாளர் மட்டுந்தான் கதையை எழுதுகிறார் என்று இதன் பிறகும் யார் சொல்வது?

கற்பனைக் கலத்துக்கு இடந்தேடும் வாதம் புதியதல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ண் 1865இல் வெளியிட்ட, பூமியிலிருந்து சந்திரனுக்குப் போகும் நாவலில் அந்த வாதம் கதைக்குள்ளேயே நடக்கிறது. சந்திரன் தலைக்கு நேரே வரவேண்டுமானால் பீரங்கியை 28ஆம் பாகை அகலக்கோட்டுக்குத் தெற்கே வைக்க வேண்டும் என்று வானியலார் சொல்லிவிடுகிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அகப்படுவது புளோரிடாவும் டெக்சஸின் தென்கோடியும்தான். இரு மாநிலத்தாரும் தெருச்சண்டைக்கே தயாராகிறார்கள். கடைசியில் தலைவர் பார்பிகேன் எப்படித் தீர்க்கிறார் தெரியுமா? டெக்சஸைத் தெரிந்தால் அங்குள்ள பதினொரு நகரங்களும் தமக்குள் அடிபடும், புளோரிடாவில் அதற்கு ஏற்ற ஊர் தம்பா ஒன்றுதான், ஆகவே புளோரிடா என்கிறார். விஞ்ஞானம் வாசல் வரை கொண்டுவந்து விட்டது, உள்ளே அழைத்துப்போனது மனித சுபாவம். வேர்ண் இரண்டையும் வாசகன் கண்முன்னே வைத்துச் செய்ததால் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. நூற்றிநான்கு ஆண்டுகளின் பின் அப்பலோ 11 புளோரிடாவிலிருந்து கிளம்பியது. கட்டுப்பாட்டு நிலையம் டெக்சஸில் இருந்தது. அந்த மாநிலத்தாரும் வெறுங்கையுடன் போகவில்லை!

இதே சிக்கலை நம் நாட்டிலிருந்தே தீர்த்தவர் ஒருவர் உண்டு. 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 1979இல் வெளிவந்த அவருடைய ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் பூமியிலிருந்து வானுக்கு ஒரு கோபுரம், விண்வெளிக்குப் போகும் லிஃப்ட், கட்டப்படுகிறது. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியின் ஒரே புள்ளிக்கு மேல் அசையாமல் நிற்கும் பாதை பூமத்திய ரேகைக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே கோபுரத்தின் அடியும் அங்கேதான் நிற்க வேண்டும். கிளார்க்கின் மனதிலிருந்ததோ சிவனொளிபாதமலை. இலங்கை பூமத்திய ரேகைக்கு வடக்கே கிடக்கிறது. என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்! தப்ரபேன் என்ற பழம்பெயரைச் சூட்டினார். மலையின் உயரத்தை இரட்டித்தார். சீகிரியாவை வேறு பெயரில் அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. இது இலங்கையை ஏறத்தாழ ஒத்த, ஆனால் உண்மையில் இல்லாத தீவு என்று நூலின் தொடக்கத்திலேயே சொன்னார். எதை எதை மாற்றினேன் என்று கடைசியில் கணக்கும் ஒப்புவித்தார். அவருக்கு உலகியல் வழக்கில் விட்டுக்கொடுப்பு இல்லை. அதற்காக நிலப்படத்தை வளைத்தார். வளைத்ததை ஒளிக்கவில்லை. நமது தீவை நகர்த்த இவர் யார் என்று நான் அறிய இங்கு எவரும் கோபிக்கவுமில்லை.

ஏப்ரம்ஸும் ஓர்சியும் செய்தது இதன் மறுதலை. நாடகத்துக்காகத் தளத்தை நகர்த்தினார்கள், பிறகு பௌதிகத்துக்காக நகர்த்தியதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க் கிரகம் பற்றியும் ஒரு வார்த்தை. 1987இல் தொடங்கிய தொடரில் வரும் புதிய எண்டர்பிரைஸ் செவ்வாயிலுள்ள யுட்டோப்பியா சமவெளித் தளத்தில் கட்டப்பட்டதாக அதன் தகடு சொல்கிறது. அது உண்மையான இடம். 1976 செப்டெம்பரில் வைக்கிங் 2 இறங்கியதும், 2021 மே மாதம் சீனாவின் சூரொங் ஊர்தி இறங்கியதும் அங்கேதான். ஈர்ப்பு பூமியிலுள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதால் பாரத் தொல்லையும் குறையும். தோமஸ் மோர் 1516இல் உருவாக்கிய ‘யுட்டோப்பியா’ என்ற சொல்லுக்குக் கிரேக்க வேரில் ‘இல்லாத இடம்’ என்று பொருள். இல்லாத கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைக்காது. இந்தத் தெரிவைப் பற்றி இரசிகர்கள் பெரிதாகச் சண்டை பிடிக்கவும் இல்லை.

இனி, கதைக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம். 1976இல் அமெரிக்கா தன் முதலாவது விண்வெளி ஓடத்தைச் செய்து முடித்தபோது அதற்குக் ‘கொன்ஸ்டிடியூஷன்’ என்று பெயரிட எண்ணியிருந்தார்கள். ஸ்டார் ட்ரெக் இரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். ஜனாதிபதி ஃபோர்ட் பெயரை மாற்றும்படி பணித்தார். செப்டெம்பர் 17ஆம் திகதி கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில், ரொடன்பெரியும் தொடரின் நடிகர்களும் பார்த்திருக்க, எண்டர்பிரைஸ் என்ற பெயருடன் அந்த ஓடம் கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. அது முழுக்க முழுக்கத் தரையில் கட்டப்பட்ட கலம். 1977 ஜனவரியில் அதைத் தெருவழியே, சுமார் 58 கிலோமீற்றர் தூரம், எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே ஜம்போ விமானத்தின் முதுகில் ஏற்றி, நடுவானில் விட்டு, அது தரையிறங்குகிறதா என்று பார்த்தார்கள். நன்றாகவே இறங்கியது. விண்வெளிக்குப் போவதற்கான எஞ்சினோ வெப்பக் கவசமோ அதில் இல்லை. ஒருமுறைகூட விண்வெளிக்குப் போகவில்லை. 2012 முதல் நியூயோர்க்கில், இன்ட்ரெபிட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், கூரைக்குக் கீழே நிற்கிறது.